சும்மா உட்கார டிக்கெட் எடுத்தவர்

பேச்சியம்மாள் அக்கா தான் உட்காருவதற்கு முன்னால் பக்கத்து நாற்காலியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடுவார். இழுப்பதில்லை. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய், இன்னொரு குடும்பத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவார். கப்பலின் மேல்தளத்தில் நீச்சல் தொட்டியைச் சுற்றி நாற்காலிகளை ஜோடி ஜோடியாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு ஜோடியைப் பிரித்த பிறகுதான் அவருக்கு உட்கார மனசு வரும்.

"காலி சேர் கிடந்தா அதுல பை வரும் பாய். பை வந்தா பின்னாலயே பிள்ளை வரும்" என்றார் என்னிடம்.

வயது அறுபதைத் தாண்டியாயிற்று. சுங்குடிச் சேலை, இரண்டு பக்கமும் மூக்குத்தி, இறுக்கிப் போட்ட கொண்டை. கப்பலில் கொடுத்த அட்டையை, எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போகிறவர்கள் பாஸ் மாட்டிக்கொள்வது போல கழுத்தில் மாட்டியிருந்தார். கையில் ஒன்றும் கிடையாது. கைப்பை இல்லை, தண்ணீர் பாட்டில் இல்லை, கைக்குட்டைகூட இல்லை. சாப்பிடப் போகும்போதும் கைகளை வீசிக்கொண்டு நடப்பார். கப்பல் முழுக்கப் பெண்கள் எதையாவது சுமந்துகொண்டிருக்க, இவர் ஒருவர்தான் அப்படி நடந்தார்.

அவரை எனக்குப் பைகளால்தான் பழக்கம். நெய்வேலி மெயின் பஜாரில் பை தைக்கிறவன் நான். அறுந்த வார், போன ஜிப், தேய்ந்த சக்கரம் எல்லாம் என்னிடம் வரும். அக்காவின் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் சார் தெர்மல் பவர் ஸ்டேஷனில் ஷிப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இப்போது பக்கத்து வடக்குத்து கிராமத்தில் வீடு கட்டிக்கொண்டு, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் எல்.டி.சி. என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பர்மனென்ட் ஆட்கள் குடும்பத்தோடு ஊர் சுற்றக் கம்பெனி கொடுக்கிற சலுகை. லீவு விட்டதும் பிளாக் பிளாக்காகக் கிளம்பிப் போவார்கள். அதற்கு முந்தின வாரம் என் கடையில் ஜிப் வேலை குவியும். அக்கா மூன்று பை கொண்டுவருவார். ஒன்றில் துணி. ஒன்றில் ஸ்டவ், அரிசி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல். மூன்றாவது, கூட வருகிற நாத்தனார் குடும்பத்துடையது. மூன்றும் வயிறு வெடிக்கிற மாதிரி அடைத்த பைகள். எத்தனை தடவை இரட்டைத் தையல் போட்டாலும் அடுத்த எல்.டி.சி.க்குள் பிரிந்துவிடும்.

போய்வந்த பிறகு சார் கடையில் நின்று கதை சொல்லுவார். பளிங்கு, கோட்டை, கோபுரம் என்று ஒன்று விடமாட்டார். அக்கா பக்கத்தில் பேசாமல் நிற்பார். ஒரு தடவை நானாகக் கேட்டேன், தாஜ்மகால் எப்படி இருந்தது என்று.

"வாசல்ல ஒரு வேப்பமரம் இருந்துச்சு பாய். நல்ல நிழல்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எங்கே போனாலும் யாராவது ஒருவர் பைகளோடு உட்கார வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் இவர்தான். யாரும் அடித்துச் சொல்லவில்லை, அதட்டவில்லை. எல்லோரும் எழுந்து போவார்கள், இவர் உட்கார்ந்திருப்பார். கன்னியாகுமரி, ராமேஸ்வரம், பூரி, கோவா என்று இந்தியாவின் எல்லாக் கரையிலும் இவர் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவு ஏன், பஸ் ஏறினால் வந்துவிடுகிற நம்ம கடலூர் சில்வர் பீச்சிலும் அதே கதைதான். மற்றவர்கள் கழற்றிப் போடுகிற செருப்பு, வாட்ச், கண்ணாடி எல்லாம் இவர் மடிக்கு வரும். கடலில் ஒரு தடவைகூடக் கால் நனைத்ததில்லை.

"எல்லாரோட செருப்பும் எனக்குத் தெரியும். அலை எப்படி இருக்கும்னு தெரியாது" என்றார் கப்பலில். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

இந்தப் பயணத்துக்கு வாயை விட்டவன் நான்தான். மகன் ஜாகிர் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து, பிள்ளை பிறந்த சந்தோஷத்துக்கு எங்களையெல்லாம் கொச்சியிலிருந்து தீவுக்குப் போகிற கப்பலில் கூட்டிப்போகிறான் என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். கப்பல் விடிந்தால் தீவுப் பக்கம் நிற்கும், படகில் இறக்கிவிடுவார்கள், முழங்கால் ஆழத்துக்குக் கண்ணாடி மாதிரித் தண்ணீர் என்று ஜாகிர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். மறுநாளே அக்கா சென்னையில் இருக்கிற மகள் காயத்ரியிடம் சொல்லி அதே கப்பலில் இரண்டு பேருக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டார். சார் வரமாட்டேன் என்றார். இந்தியா முழுக்க இவளுக்குக் காட்டியாயிற்று, இனி என்ன கடல் வேண்டிக்கிடக்கிறது என்று தெருவில் நின்று எல்லோரிடமும் கேட்டார். அவர் வராவிட்டால் டிக்கெட் தானாக ரத்தாகிவிடும் என்று நினைத்திருந்தார் போல. அக்கா ஒரு சின்னப் பையோடு என் கடைக்கு வந்தார். சாரோட பை எங்கே என்று கேட்டேன். "அவருக்கும் கை இருக்குல்லா, அவரு கொண்டாருவாரு" என்றார். அப்புறம் தனியாகத்தான் வந்தார்.

கொச்சித் துறைமுகத்தில் கப்பல் ஏறும்போது சார் எனக்கு போன் செய்தார். "பாய், அவ தனியா வாரா. கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றார். என் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். அக்கா கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"நான் என்ன மூட்டையா, ஆளு போட்டுப் பாத்துக்கிடுறதுக்கு?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கப்பலில் எனக்கே அவர் மேல் ஒரு மனத்தாங்கல் வந்தது. என் பேத்தி ஆசிஃபாவுக்கு எட்டு மாதம். அவள் சிரித்தால் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு பல் தெரியும். கப்பலில் அவளைத் தூக்காத ஆள் கிடையாது, சமையல்காரர்கூட வெளியே வந்து தூக்கினார். அக்காவிடம் நீட்டினேன். கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினார், கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டார். என் முகம் சுருங்கிவிட்டது. அவருக்கும் அது தெரிந்தது.

"கோவிச்சுக்காதீங்க பாய். தங்கம் மாதிரி இருக்கா. ஆனா ஒரு தடவ தூக்கிட்டேன்னா கப்பல் பூராத் தெரிஞ்சுரும், இந்தப் பொம்பள தூக்குவான்னு."

நான் அதை வீம்பு என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையிலேயே அவர் பயந்தது நடந்தது.

பிரவீன்குமார் என்று ஒருவர், மாமனார், மச்சினர், பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறையும் கூட்டத்தோடு வந்திருந்தார். நல்ல மனிதர். மரியாதையாகப் பேசுவார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அக்காவுக்குப் பக்கத்தில் நாற்காலி இல்லாததால் பெரிய பை ஒன்றை அவர் காலடியிலேயே வைத்தார்.

"ஆண்ட்டி, பிள்ளைங்க குளிக்கிற வரைக்கும் பாத்துக்குங்க. நீங்க சும்மாதானே உக்காந்திருக்கீங்க?"

"சும்மா உக்காரத்தான் வந்திருக்கேன். டிக்கெட் எடுத்ததே அதுக்குத்தான்."

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு, சிரித்தபடியே போய்த் தண்ணீரில் குதித்தார். கொஞ்ச நேரத்தில் கப்பலின் மறுபக்கத்தில் கூச்சல். டால்பின் கூட்டம். நான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், ஜாகிர் ஓடினான், பிரவீன்குமாரின் மொத்தக் கூட்டமும் ஈரத்தோடு ஓடியது. திரும்பி வந்தபோது மேல்தளத்தில் அக்கா ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். ரயில்வே பிளாட்பாரத்தில் தூங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது போல, அந்தப் பையின் வார் அவர் கணுக்காலில் மாட்டியிருந்தது. எப்போது மாட்டினார் என்று அவருக்கே தெரியாது. குனிந்து பார்த்தார். உருவி எறிந்தார். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"வாயி மாட்டேங்குது, காலு மாட்டிக்கிடுது" என்றார். வேறு யாரையோ திட்டுகிற குரலில் தன்னைத்தானே திட்டினார்.

அடுத்த நாள் விடிந்ததும் தீவு. இறங்கக் கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து ஆடுகிற படகில் கால் வைக்க வேண்டும். அங்கே நின்ற ஊழியர் அக்காவிடம், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். கப்பல் ஏறியதிலிருந்து சாப்பாட்டு வரிசையில், லிஃப்டில், கவுன்டரில் என்று எல்லோரும் கேட்ட கேள்வி. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு படகில் இறங்கினார்.

கரையில் தென்னை நிழல். ஒரு மணி நேரம்தான், விசில் அடித்தால் படகுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஜாகிர் ஆசிஃபாவின் இரண்டு காலையும் தண்ணீரில் தொட்டு எடுத்தான். அவள் வீறிட்டாள், பிறகு சிரித்தாள், மறுபடி தொடச் சொல்லிக் காலை உதைத்தாள். என் ஆயுசுக்கு அந்த உதை போதும். அதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று கரையைத் திரும்பிப் பார்த்தேன்.

செருப்பைக் கழற்றத்தான் அவர் மணலில் உட்கார்ந்திருக்கிறார். அதற்குள் பிரவீன்குமார் கூட்டம் வந்துவிட்டது. அக்காவைச் சுற்றி ஏழெட்டுப் பைகள், செருப்புகள், துண்டுகள், ஒரு குழந்தை வண்டி. பத்தே நிமிஷம் ஆண்ட்டி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்காவின் கை செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எட்டு மாதக் குழந்தை கால் நனைத்துவிட்டது. ஒரு ஆயுள் முழுக்கக் கடற்கரை கடற்கரையாகப் போன மனுஷி இன்னும் மணலில் உட்கார்ந்திருக்கிறார். போய் அந்த ஆளைச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம் என்றால் அவர் சட்டை போடாமல் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறார். பேத்தியை ஜாகிரிடம் கொடுத்துவிட்டு அக்காவிடம் போனேன்.

"எழுந்திருங்க்கா. நான் இங்க குந்திகினு பாத்துக்குறேன். நீங்க போய் நனைஞ்சிட்டு வாங்க."

அவர் ஜோடி சேர்ப்பதை நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கோபம் என் மேலும் இருந்தது.

"வேண்டாம் பாய். நீங்க உக்காந்தா, எனக்குப் பதில் ஒரு ஆளு உக்காந்திருக்குன்னு ஆயிரும். அப்ப இது என் வேலைன்னுதான் அர்த்தம். நீங்களும் தண்ணிக்குப் போங்க."

"எவனாவது தூக்கிகினு போய்ட்டா?"

"போகட்டும்."

அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். உதடு இரண்டு தடவை அசைந்த பிறகுதான் சத்தம் வந்தது. படகுக்காரர் முதல் விசில் அடித்தார். அக்கா கையை ஊன்றி எழுந்தார். தன் செருப்பை அந்த வரிசையில் வைக்கவில்லை, தூரமாக, தனியாக விட்டார். சேலையைச் செருகக்கூட நிற்கவில்லை, அப்படியே நடந்தார். தண்ணீர் காலைத் தொட்டதும் ஒரு நொடி நின்றார், மறுபடி நடந்தார். கொசுவம் விரிந்து மேலே மிதந்தது.

பிரவீன்குமார் பார்த்துவிட்டார். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வேகவேகமாகக் கரைக்கு வந்தவர், அக்காவைக் கடந்து போகும்போது, "ஆண்ட்டி, பை? அங்க யாருமே இல்லியே?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

பேச்சியம்மாள் அக்கா திரும்பவில்லை. இடுப்பளவு தண்ணீரில் போய்க்கொண்டே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். பத்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையையும் புறங்கையையும் மாற்றி மாற்றிக் காட்டினார்.