கதவில் போட்ட சாக்பீஸ் கோடு

ஒன்பது வருடமாகியும் அந்தத் தாள் என் கண்ணை விட்டுப் போகவில்லை. தேமா துறைமுகத்தில் எங்கள் டெர்மினலின் அறிவிப்புப் பலகையில் நான்கு குண்டூசி குத்தி மாட்டியிருந்தார்கள். ‘விபத்துக்குக் காரணம் சரக்கு ஒருங்கிணைப்பாளரின் கவனக்குறைவு.’ கவனக்குறைவாம்! ஷார்மே லாம்ப்டியைப் பற்றி அப்படி எழுத ஒருவனுக்குக் கை வந்திருக்கிறது.

நான் அங்கே கப்பலில் ஏற்றும் பெரிய இரும்புப் பெட்டிகளைத் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எந்தப் பெட்டி எந்த வரிசையில் நிற்க வேண்டும், எது முதலில் கப்பலேற வேண்டும், எதற்கு மேல் எது என்று சொல்வது ஷார்மே அக்காவின் வேலை. மன்ஹியான் மீனவர் குப்பத்தில், மீனைப் புகைபோட்டு விற்கும் வீட்டில் பிறந்தவர். இருபது வயதில் பெட்டி எண்ணும் எழுத்தராக வந்து சேர்ந்தார். அப்போது பெண்கள் அளவில் பூட்ஸ் கிடையாது. ஆண்கள் பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு நடந்தார். ஒருங்கிணைப்பாளர் நாற்காலிக்கு வர அவருக்குப் பதினான்கு வருடம் பிடித்தது. அவர் பயிற்சி கொடுத்த மூன்று ஆண்கள் அதற்குள் அவரைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

வயர்லெஸ்ஸில் நாள் முழுக்க அவர் குரல்தான், பாதி நேரம் என் பெயரைச் சொல்லி.

“ஒக்போட்டி, பெட்டிய எறக்குறியா, தாலாட்டுறியா?”

“கொழந்த தூங்குதுக்கா.”

“தூங்கட்டும். கப்பல்காரன் முழிச்சிட்டிருக்கான்யா, எறக்கு!”

ஏற்றுமதிக்காரர்கள் தாளில் பொய் எடை எழுதுவார்கள். இது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு இரண்டு எடைமேடை. அதில் ஒன்று பழுதாகிப் பதினான்கு மாதம். எல்லாப் பெட்டியையும் நிறுத்துப் பார்த்தால் லாரி வரிசை சாலைவரை போகும். என் வண்டியில் எடை காட்டும் திரையும் செத்துக் கிடந்தது. ஆனால் டிரைவருக்கு உட்காரும் இடத்திலேயே தெரிந்துவிடும். பாரம் மிஞ்சினால் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும்.

அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துக் கடையில் சொந்தக் காசுக்குச் சாக்பீஸ் வாங்கி ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு டப்பா கொடுத்தார். தாளில் உள்ள எடையை அவர் வயர்லெஸ்ஸில் படிப்பார். தூக்கும்போது அதைவிடக் கனமாகத் தெரிந்தால் இறங்கிப்போய்ப் பெட்டிக் கதவில் ஒரு கோடு போட வேண்டும். காலையில் வரிசை வரிசையாக அவர் நடப்பார். கோடு போட்ட பெட்டியெல்லாம் எடைமேடைக்குப் போகும்.

மேலாளர் எசுமானுக்கு அது பிடிக்கவில்லை. “இதென்ன பள்ளிக்கூடமா?” என்றான்.

“பள்ளிக்கூடமா இருந்தா எடைமேடைய எப்பவோ ரிப்பேர் பண்ணியிருப்பாங்க சார்” என்றார் அக்கா.

ஒரு வியாழக்கிழமை, “ஒன்பது டன், துணி” என்று படித்தார். நான் தூக்கினேன். பின் சக்கரம் மிதந்தது. ஒன்பதாவது, மண்ணாவது! இறங்கிப்போய்க் கோடு போட்டேன். பிறகு வரிசையில் கொண்டுபோய் வைத்தேன், கதவு உள்பக்கமாக, அடுத்த பெட்டியோடு ஒட்டி. துணிப் பெட்டியை நாங்கள் அப்படித்தான் வைப்போம். கதவு வெளியே தெரிந்தால் விடிவதற்குள் பாதித் துணி மக்கோலா சந்தைக்குப் போய்விடும். பல வருடப் பழக்கம். கை தானாகத் திருப்பி வைத்துவிட்டது. நான் போட்ட கோட்டை நானே மறைத்தேன்.

காலையில் அக்கா அந்த வரிசையில் நடந்தபோது வெறும் இரும்புச் சுவர்தான் தெரிந்தது. லேசான பெட்டி என்று அதைக் கப்பலில் காலிப் பெட்டிகளுக்கு மேல் வைக்கச் சொன்னார். கிரேன்காரனிடம் எடை எழுதிய தாள் கிடையாது, அவன் பாட்டுக்குத் தூக்கி வைத்தான். மதியம் கீழே இருந்த பெட்டி நசுங்கி அடுக்கே சாய்ந்தது. கட்டுக்கம்பி மாட்டிக்கொண்டிருந்த தொழிலாளி நோர்ட்டேயின் வலது பாதம் போயிற்று. பெட்டிக்குள் இருந்தது இருபத்தேழு டன் பழைய இரும்பு.

மறுநாள் அக்காவிடம் ஓடினேன். “கோடு போட்டேன்கா. கதவ உள்ள திருப்பி வச்சிட்டேன். விசாரணையில நானே சொல்லிடுறேன்.”

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“வாய மூடு. நீ சொன்னா டிரைவர் தப்புன்னு எழுதி, உன்ன அனுப்பிட்டு, கோப்ப மூடிருவானுங்க. எடைமேடை அப்படியே கெடக்கும். நான் போறேன். ரிப்பேர் கேட்டு எழுதின பதினோரு கடுதாசி எங்கிட்ட இருக்கு. மேசையில போடுறேன். என்னைத் தாண்டி எசுமான்கிட்ட போய்த்தானே ஆகணும்?”

போகவில்லை. விசாரணைக்காரர்கள் அந்தக் கடிதங்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய இருபத்தாறு வருட வேலையை இரண்டு நாளில் முடித்தார்கள். விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு நான்கு முறை திறந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவர் சொன்னார், கேட்டேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் சப்பைக்கட்டு. என் கோபத்தில் பாதி எசுமான்மேல், மீதி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்மேல்.

மூன்று வாரத்தில் எடைமேடை ஓடியது. எசுமான் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டான்.

அக்கா வெளியேறிய அன்று கெங்கே என்ற மக்காச்சோள உருண்டை விற்கிறவளின் குடைக்கடியில் அவரைப் பிடித்தேன். பூட்ஸ் இரண்டையும் கயிற்றில் கட்டித் தோளில் போட்டிருந்தார்.

“நானும் வர்றேன்கா. எசுமான் மூஞ்சில சாவிய எறிஞ்சிட்டு வர்றேன்.”

“எறிஞ்சி? அவன் குனிஞ்சி எடுத்துப்பான். அவ்வளவுதானே?” என்றார். சிரிக்கவில்லை. கையிலிருந்த சாக்பீஸ் டப்பாவை என் சட்டைப் பையில் திணித்தார். “உள்ள போ. நீ கதவ உள்ள திருப்பி வச்ச பெட்டி எத்தன நிக்குதோ, அத்தனையும் இன்னிக்கே வெளிய இழு. இனிமே கோடு போட்டா கதவுல மட்டும் போடாத ஒக்போட்டி. நாலு பக்கமும் போடு.”