இன்னும் இரண்டு சுற்று

துப்பாக்கி சுடும் கிளப்பில் நான் சேர்ந்தது குறி பார்க்கத்தான், கட்டுப் போட அல்ல. அதனால் அன்று முதலுதவி வகுப்பு என்றதும் எரிச்சலாக வந்தது. ஆனால் செவிலிமேட்டிலிருந்து வந்திருந்த நர்ஸம்மா ஒரு ரப்பர் காலை மேசைமேல் வைத்து, அதன் தொடையிலிருந்த ஓட்டை வழியாகச் சிவப்புத் தண்ணீரைப் பீய்ச்சவிட்டதும் எரிச்சலை மறந்து எட்டிப் பார்த்தேன்.

“குண்டு பட்ட காலுன்னு நெனச்சுக்கோ. வா, ரத்தத்த நிறுத்து.”

காயத்துக்கு மேலே பட்டையைச் சுற்றி, அதில் செருகியிருந்த குச்சியைத் திருகினேன். தறியில் நெய்த துணியைச் சுற்றும் படமரத்தைக் கோல் போட்டுத் திருப்பிப் பாவு நூலை இறுக்குவது போலவே இருந்தது. நெசவாளிக்கா இது தெரியாது! மூன்றாம் சுற்றில் கை தானாக நின்றது. தண்ணீர் நிற்கவில்லை.

“ஏன்பா நிறுத்திட்ட?”

“இதுக்கு மேல போனா இழை அறுந்துடும்மா.”

“இழையா? ஆளே போய்க்கினு இருக்கான்பா! அவன் வலியில கத்துனாலும் திருப்பு.”

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு சுற்று திருகினேன். சட்டென்று தண்ணீர் நின்றது. கட்டிய நேரத்தைப் பட்டையில் எழுதிவிட்டுக் குதித்தேன். முதன்முதலாகப் பத்துப் புள்ளி சுட்ட அன்றுகூட நான் அப்படிக் குதித்ததில்லை.

மறுநாள் காலை தறியில் உட்கார்ந்து படமரத்தைத் திருப்பினேன். கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. படபடவென்று இழைகள் அறுந்தன. மனைவி ஓடி வந்தாள்.

“என்னா பண்ணிக்கினு இருக்கற?”

“ஒரு ஆளக் காப்பாத்திக்கினு இருக்கேன்” என்றேன்.