15121, ஒரு பகா எண்

தர்மபுரி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த பதிவு எண் 15121. பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்திருந்தேன். பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் தெருக்காரி ஒருத்தியும் அதே படிப்போடு பதிய என்னோடு வந்தாள். என்னைவிட இளையவள், ஏழு மாதக் கர்ப்பிணி. வரிசையில் நிற்க முடியாமல் தவித்தாள். முன்னால் போ என்று விட்டுக்கொடுத்தேன். அவளுக்கு 15120.

அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. பதிவு மூப்புப்படிதான் கூப்பிடுவார்கள். அட்டையைத் தவறாமல் புதுப்பித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். படித்த கணக்கு மறந்துபோகக் கூடாதே என்று, உலை கொதிக்கிற நேரத்தில் என் எண்ணை வகுத்துப் பார்த்தேன். மூன்றால் போகவில்லை, ஏழால் போகவில்லை. வர்க்கமூலம் நூற்றிருபத்திரண்டு சொச்சம். அதற்குக் கீழுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். 113 வரைக்கும் வகுத்தேன். எல்லாவற்றிலும் மீதி நின்றது. ஒன்றாலும் தன்னாலும் தவிர எதனாலும் வகுபடாத எண். அந்த வாரமெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரர் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தார். பத்து, அதையும் கூட்டினால் ஒன்று. சூரியன் நம்பர், கவர்ன்மென்ட் வேலை நிச்சயம் என்றார்.

அவளுடையதோ தொட்டால் உடைகிற எண். ஒன்று முதல் பத்து வரை எதனாலும் மீதியில்லாமல் வகுபடும். மொத்தம் எண்பது வகுத்திகள். உன் நம்பரை ஊருக்கே பங்கு போட்டுக் கொடுக்கலாம் என்று கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். கணக்கில் அவளுக்கு என்னளவு பைத்தியம் கிடையாது.

வருடங்கள் போயின. புதுப்பிக்கப் போகிற போதெல்லாம் அதே பஸ், அதே வெயில், அதே ஜன்னல், அதே பதில். ஒரு கட்டத்தில் தபால்காரரைப் பார்த்தால் எழுந்து நிற்பதைக்கூட விட்டுவிட்டேன்.

அவளுக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. எனக்கு வரவில்லை. தர்மபுரிக்குப் போய்க் கேட்டேன். ஜன்னலுக்குள் இருந்தவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை 15120 வரைக்கும்தான் கூப்பிட்டிருக்கிறது என்றார். அடுத்தது எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை. பகா எண்ணா, பகு எண்ணா என்று அங்கே யாருக்கு வேண்டும்? பெரியதா சின்னதா, அவ்வளவுதான் கணக்கு. திரும்பி வருகிற வழியெல்லாம் வயிறு எரிந்தது. அவள்மேல்தான். நியாயமில்லை என்று தெரிந்தும் எரிந்தது.

அவளுக்கு நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டும்போதுதான் வீடு. வேலையில் சேர்வதற்கு முந்தின நாள், இரண்டாவது பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வெகுநேரம் தயங்கினாள்.

"அக்கா, நீங்க வூட்லதானுங்களே இருக்கீங்க. பகல்ல இவனக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?"

அவள் கள்ளமில்லாமல்தான் கேட்டாள். எனக்கு மறுத்துச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. கையை நீட்டிப் பையனை வாங்கிக்கொண்டேன். நல்ல கனம்.