நித்திலாவுக்கு ஊரெல்லாம் அர்ச்சனை

பேத்தி பிறந்த நாளிலிருந்து மூக்கனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலிருந்து தர்மபுரத்துக்கு வந்த பஸ்ஸில் கொண்டக்டருக்குச் சொன்னார். பக்கத்தில் கோழியைக் கட்டி மடியில் வைத்திருந்த மனிசிக்குச் சொன்னார். முரசுமோட்டையில் ஏறிய சிங்களப் பொலிஸ்காரருக்கு, அந்த ஆளுக்குத் தமிழ் விளங்காது என்று தெரிந்தும் சொன்னார்.

"பொம்பிளைப் பிள்ளை. என்ர மகளின்ர. மூக்கு அப்பிடியே என்னைப் போல."

கேட்டவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்ன பேர்?"

அங்கேதான் மூக்கனுக்கு வாய் அடைத்துப்போகும். பேர் அவருக்குத் தெரியாது. அது மகள் பிரேமிளாவுக்கும் மருமகன் வினோதனுக்கும் மட்டும் தெரிந்த இரகசியம்.

"பிறந்து முப்பத்தொண்டாம் நாள் அண்டைக்குத்தான் பேர், அப்பா. துடக்குக் கழிஞ்ச உடன நீங்கள்தான் முதல் முதல் அவளின்ர காதுக்குள்ள மூண்டு தரம் சொல்லப்போறீங்கள். உங்களுக்கே அண்டைக்குக் காலமைதான் சொல்லுவம்."

"இப்ப சொன்னால் என்ன பிள்ளை?"

"இப்ப சொன்னால் நாளைக்கு முல்லைத்தீவு பஸ் முழுக்கத் தெரிஞ்சிடும்."

"முல்லைத்தீவோட நிக்காது," என்று குசினிக்குள் இருந்து அவர் பெண்சாதி மீனம்மா சேர்த்துவிட்டார்.

மூக்கனுக்கு அது சின்ன விசயமில்லை. அவர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்தவர். அவருக்கு முதல் பிறந்த பிள்ளைகள் தங்காததால், எமன் இதைப் பிள்ளையென்றே கணக்கெடுக்கக் கூடாது என்று மூக்கைக் குத்தி, அதையே பேராகவும் வைத்துவிட்டார்கள். காதில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, மூக்கைக் குத்தியதோடு சரி. பிரேமிளா பிறந்தபோதோ சண்டையில் பாதை பூட்டி, அவர் பரந்தனுக்கு அங்கால் மாட்டிக்கொண்டார். திரும்பி வந்து பார்த்தால் கிளினிக் மிஸ் பேரும் வைத்து, அட்டையும் எழுதி முடித்திருந்தா. அதனால் ஒரு பிள்ளையின் காதுக்குள் முதன்முதல் பேர் சொல்ல அவருக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு இதுதான். குரல் எவ்வளவு மெதுவாக இருக்க வேண்டும் என்று பசுக்கன்றின் காதில் சொல்லிப் பழகியும் பார்த்தார். கன்று தலையை ஆட்டி அவரது தாடையில் ஒரு இடி இடித்தது.

பிரேமிளாவின் வேலையை மூக்கன் தன் வழியில் விளங்கி வைத்திருந்தார். சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது எல்லோருக்கும் ஒரே அச்சில் வீட்டுத்திட்ட வீடு கிடைத்தது. பிறகு அவரவர் தேவைக்கு வீட்டுச் சுவரோடு தகரத்தைச் சாய்த்துப் பத்தி இறக்கினார்கள். ஒருவர் மாட்டுக்கு இறக்கினார், இன்னொருவர் கடை போட இறக்கினார். வெப்சைட்டும் அப்படித்தானாம். யாரோ கட்டிய ரெடிமேட் வீடு உலகத்துக்கெல்லாம் சும்மா கிடைக்கிறது. எழுதிப் போடலாம், படம் போடலாம். அதில் இல்லாத ஒன்று வேண்டுமென்றால் பத்தி இறக்க வேண்டும். அந்தப் பத்திக்குப் பேர் பிளகின். பிரேமிளா பிளகின் செய்கிறவள்.

"ஆனா அப்பா, வீட்டுச் சுவரில கை வைக்கக் கூடாது. வீட்டுக்காரன் நாளைக்குக் கூரையை மாத்தினாலும் என்ர பத்தி விழாமல் நிக்கோணும்," என்பாள்.

வவுனியாவில் கம்பஸ் முடித்தபின் கொழும்பில் ஒரு கொம்பனி கூப்பிட்டுப் போனாள். ஒரு மழைக்காலம் முடிய முதல் பெட்டியோடு வந்து இறங்கினாள். "அங்க லிப்டுக்குள்ள நிண்டு நிண்டு வயசு போகுதப்பா. இதே வேலையை நான் இஞ்ச இருந்து செய்வன்." விறாந்தையோடு மூக்கனைக் கொண்டே ஒரு பத்தி இறக்குவித்தாள். ஒரு மேசை, ஒரு கதிரை, லப்டொப். தகரத்துக்குள் சிக்னல் வராது என்று ரவுட்டரை வேப்பமரத்தில் கட்டி, மழைக்கு மேலே ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்தாள். வினோதன் வவுனியாவில் படிப்பிக்கிற வாத்தியார். சனி, ஞாயிறு வருவான்.

அவளுடைய பிளகின்களில் பேர் எடுத்தது அர்ச்சனைப் பிளகின். ஊர் அம்மன் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அப்புத்துரை ஒருநாள் வந்து தன் தலையில் கை வைத்தார். "பிள்ளை, கனடாக்காரர் நான் படுத்த பிறகு போன் எடுத்து நட்சத்திரம் சொல்லுகினம். நான் நித்திரை வெறியில பூரத்தைப் பூராடம் எண்டு எழுதிப்போடுறன். ஏதாவது செய்." பிரேமிளா செய்தாள். கோயில் வெப்சைட்டில் பேரையும் நட்சத்திரத்தையும் போட்டுப் பொத்தானை அமத்தினால், ஐயரின் போனில் வரிசையாக வந்து நிற்கும். ஐயர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஸ்பீக்கரில் சொல்லி அர்ச்சனை செய்வார். அந்தச் செய்தி பரவி, பாரிசிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் உள்ள கோயில்கள் தங்கள் வெப்சைட்டுக்கும் அதே பத்தியை இறக்கிக்கொண்டன.

பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் அப்புத்துரை போன் எடுத்து, வெள்ளிக்கிழமை விசேட அர்ச்சனைக்கு அதில் ஒரு சின்ன மாற்றம் கேட்டார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் தட்டித் தட்டி, வியாழக்கிழமை பிரேமிளா அதை முடித்து அனுப்பினாள்.

மறுநாள் வெள்ளி. மூக்கன் கச்சான் கடலைத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிள்ளை பிறந்த துடக்குக் கழியும்வரை வீட்டுக்காரர் கோயிலுக்குப் போக முடியாது. ஆனால் ஸ்பீக்கர் தோட்டம் வரைக்கும் வரும்.

"அனுஷ நட்சத்திரே… நித்திலா நாமதேயாயா…"

மூக்கன் நிமிர்ந்தார். அனுஷம்! தன் பேத்தியின் நட்சத்திரம். எங்கேயோ பிறந்த ஒரு அனுஷத்துப் பிள்ளை என்று சந்தோசப்பட்டுக் குனிந்தார்.

"அனுஷ நட்சத்திரே… நித்திலா நாமதேயாயா…"

மறுபடியும் நிமிர்ந்தார். நடுவில் ஒரு நடராசா பூராடம் வந்து போனார். அதற்குப் பிறகு திரும்பவும் நித்திலா. அதற்குப் பிறகும் நித்திலா. ஐயரின் குரல் முதலில் கணீரென்று இருந்தது, போகப்போகச் சந்தேகப்பட்டது, கடைசியில் களைத்தே போனது. ஸ்பீக்கரை நிற்பாட்ட மறந்து அவர் கேட்டது ஊருக்கே கேட்டது: "அப்புத்துரை, ஆர் உந்தப் பிள்ளை? உலகத்தில உள்ள சனம் எல்லாம் இவாவுக்கே நேந்து வைச்சிருக்கு?"

மூக்கன் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கிணற்றடியில் குளித்து, வேட்டியை மாற்றி, நேரே பிள்ளை படுத்திருந்த சேலை ஏணைக்குப் போனார். நாளாந்தம் ஊர்ப் புதினத்தைப் பேத்தியின் காதுக்குள் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பிரேமிளா பக்கத்தில் லப்டொப்போடு இருந்தாள். மீனம்மா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச கேட்டியோ குஞ்சு," என்று மெதுவாகக் குனிந்தார். "கோயில்ல உன்ர நட்சத்திரத்தில ஒரு பிள்ளையாம். நித்திலாவாம். நித்திலா, நித்திலா எண்டு ஐயருக்கு நாக்குத் தள்ளிப்போச்சு."

ஏணைக்குள் ஒரு கண் திறந்தது. பின்னால் கதிரை விழுந்தது.

"அப்பா! என்ன பேர் சொன்னனீங்கள்?"

"நித்திலா. ஏன் பிள்ளை, முகம் வெளிறிப்போச்சு?"

பிரேமிளா தலையைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. "அதுதான் அப்பா இவளின்ர பேர்!"

நடந்தது இதுதான். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பிளகின் ஓடுகிறதா என்று பார்க்க அவள் பேரும் நட்சத்திரமும் எழுதும் பெட்டிகளில் ஏதாவது ஒன்றைப் போட்டுப் பார்ப்பாள். வழக்கமாக "கன்றுக்குட்டி, கார்த்திகை" என்று போடுவாள். இந்த முறை பிள்ளை மடியில் கிடந்து சிரிக்க, ஒருதரம் எழுத்தில் பார்ப்போம் என்று ஆசைப்பட்டு நித்திலா, அனுஷம் என்று போட்டாள். பார்த்து ரசித்தாள். பிள்ளை வீரிட்டு அழுதது. அழிக்க மறந்து அப்படியே அனுப்பிவிட்டாள். இப்போது எந்த ஊரில் யார் திறந்தாலும் பெட்டிகள் இரண்டும் ஏற்கெனவே நிரம்பி வருகின்றன. அவசரக்காரர்கள் எல்லாம் பார்க்காமல் பொத்தானை அமத்துகிறார்கள்.

மூக்கன் நிலத்தில் இருந்துவிட்டார். "ஊர் முழுக்க ஐயர் சொல்லியாச்சு. இனி நான் என்னத்தை முதல் சொல்லுறது?"

"ஊர்தானே கேட்டது, இவள் நித்திரை. பேர் இவளுக்குத்தான் எண்டு எங்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் வாயைத் திறக்காட்டில் எல்லாம் அப்பிடியே இருக்கும். பிள்ளையைத் தூக்குங்கோ, நான் இதைத் திருத்தோணும்!"

மூக்கன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தைச் சுற்றி நடந்தார். பத்திக்குள் இருந்து பிரேமிளா கத்தினாள்.

"ஐயோ, பாரிசிலயும் போயிருக்கு!"

மூக்கன் ஒரு சுற்று வந்தார்.

"ரொறன்ரோவில ஒரு சங்கமே போட்டிருக்கு!"

மூக்கனின் முகத்தில் லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"அப்பா, ஒஸ்லோவில பாலபிஷேகம்!"

"பாலபிஷேகமோ!" மூக்கன் பிள்ளையை முகத்துக்கு நேரே பிடித்தார். "அடி ராசாத்தி, நீ இன்னும் எங்கட படலையைக் கூடத் தாண்டேல்லை. உனக்கு ஒஸ்லோவில பால் வாக்கிறாங்களடி!"

மீனம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "துடக்குப் பிள்ளைக்கு அர்ச்சனையோ? அம்மாளாச்சி சும்மா விடுவாவோ?" என்று உரித்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பின்னேரத்துக்குள் பிளகின் திருந்திவிட்டது. பெட்டிகள் வெறுமையாக வந்தன, பேர் போடாவிட்டால் பொத்தான் அமரவே அமராது. பிரேமிளா ஒவ்வொரு கோயிலுக்கும் எழுதி மன்னிப்புக் கேட்டு, சரியான பேர்களை வாங்கித் திரும்ப அர்ச்சனை செய்யச் சொன்னாள். சிட்னிக்காரர் மட்டும், "பேர் வடிவாயிருக்கு, ஆர் வைச்சது?" என்று பதில் போட்டார்.

அடுத்த நாள் அப்புத்துரை வந்தார். துடக்கு வீடென்பதால் படலைக்கு வெளியிலேயே நின்று கூப்பிட்டார்.

"பிள்ளை பிரேமிளா, அந்த நித்திலா எண்டவா ஆர்? அருமையான பக்தை போல கிடக்கு. திருவிழாவுக்கு ஒரு உபயம் கேப்பமெண்டு பாக்கிறன்."

"அது நான் சோதிச்சுப் பாக்கப் போட்ட பேர், ஐயா. பிழை என்னிலதான். எடுத்துப்போட்டன்."

"அப்ப அப்பிடியொரு ஆளே இல்லையோ?" அப்புத்துரைக்கு முகம் தொங்கிப்போனது. "மூக்கன், உனக்கு ஏதும் தெரியுமோ?"

மூக்கன் அவித்த கச்சானை ஒரு பிடி அள்ளி வாய்க்குள் அடைத்துக்கொண்டு, ஓமென்றும் இல்லையென்றும் தெரியாமல் தலையை ஆட்டினார்.

"என்னப்பா, கதைக்கமாட்டியோ? ஒருநாளும் இல்லாத புதினமாக் கிடக்கு!"

அதற்குப் பிறகு வந்த நாட்கள் மூக்கனுக்குப் பெரிய தவம். தேத்தண்ணிக் கடையில் நித்திலாவைப் பற்றித்தான் கதை. லண்டனில் பெரிய டொக்டர் என்றார் ஒருவர். சுவிஸில் கடை வைத்திருக்கிறா என்றார் இன்னொருவர். மூக்கன் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். பஸ்ஸில் கொண்டக்டர், "பேத்திக்குப் பேர் வைச்சாச்சோ அண்ணை?" என்று கேட்டபோது வாய் துடித்தது. ஒரு தரிப்பு முன்னதாகவே இறங்கி வெயிலில் நடந்து வந்தார்.

முப்பத்தொன்று வந்தது. வீடு கழுவி, முற்றம் தெளித்து, ஐயர் வந்து புண்ணியாகம் செய்து தண்ணீர் தெளித்தார். இனித் துடக்கில்லை என்று அப்புத்துரையும் முன்வரிசையில் வந்து இருந்தார். மூக்கன் புது வேட்டியோடு, பிரேமிளாவின் மடியில் இருந்த பேத்தியின் காதருகே கையைக் குவித்துத் தயாராகக் குனிந்தார்.

"நட்சத்திரம்?" என்றார் ஐயர்.

"அனுஷம்," என்றான் வினோதன்.

ஐயர் கண்ணை மூடினார். அந்த வெள்ளிக்கிழமை பழகிய நாக்கு தன்பாட்டில் ஓடியது. "அனுஷ நட்சத்திரே… நித்திலா நாமதேயாயா…"

சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். வினோதன் பிரேமிளாவைப் பார்த்தான், பிரேமிளா கூரையைப் பார்த்தாள்.

அப்புத்துரை எழும்பியே விட்டார். "அட! இவாதானோ அந்தப் பக்தை!"

வீடு சிரிப்பில் அதிர்ந்தது. மூக்கன் மட்டும் குவித்த கையோடு பாதி குனிந்தபடி நின்றார். இத்தனை நாள் அடக்கி வைத்தது கண்ணில் வந்து முட்டியது. "கடைசியில ஐயர்தானே முதல் சொல்லிப்போட்டார்," என்றார்.

"ஆர் சொன்னது?" மீனம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "அண்டைக்குத் தோட்டத்தால வந்து குளிச்சுப்போட்டு, ஏணைக்குள்ள குனிஞ்சு இவளின்ர காதில என்ன சொன்னனீங்கள்? நான் வாசல்ல இருந்து கேட்டனான். நித்திலாவாம், நித்திலா, நித்திலா எண்டு. எண்ணிப் பாருங்கோ."

மூக்கன் விரலை மடக்கினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது விரலில் வாய் காதுவரைக்கும் போனது.

"ஓமப்பா!" பிரேமிளா கத்தினாள். "இவள் கண்ணைத் திறந்து பாத்தவள்! நான்தான் பதட்டத்தில அதை யோசிக்கேல்லை!"

"ஆனால் அது நான் ஊர்க்கதையோட கதையாச் சொன்னது…"

"கதையோ மந்திரமோ, முதல் போனது உங்கட குரல்தான்," என்றார் ஐயர்.

"ஐயா, அந்தத் துடக்கு…" என்று மீனம்மா இழுத்தார். "துடக்கோட செய்த அர்ச்சனை குற்றமில்லையோ?"

"துடக்கு உங்களுக்குத்தானம்மா. அம்மாளுக்கேது துடக்கு? பேத்தியைப் பாக்க அவாவுக்கும் அவசரம். மூக்கண்ணை, குனிஞ்ச ஆள் நிமிராதையுங்கோ. இன்னொருக்கால் சொல்லுங்கோ."

மூக்கன் சொன்னார். கன்றின் காதில் பழகிய மெல்லிய குரல் எங்கே போனதோ தெரியாது. மூன்று தரமும் சொன்னது கோயில் ஸ்பீக்கர் தோற்கும்படி கேட்டது. நித்திலா வீரிட்டு அழுதாள். கட்டையில் நின்ற கன்று காதை ஆட்டியது.

அன்று பின்னேரம் ஒரு அலுவலும் இல்லாமல் மூக்கன் தெருவுக்கு வந்து முல்லைத்தீவு பஸ்ஸை மறித்து ஏறினார். கொண்டக்டர் ரிக்கற் கட்டோடு வந்து, "எங்கையண்ணை?" என்று கேட்டார்.

"நித்திலா," என்றார் மூக்கன்.