இரண்டு பஸ் தூரம்

புது ஊரில் வீடு தேடுகிறவர்கள் தண்ணீர் ஒழுங்காக வருமா, கடைகண்ணி பக்கமா, அக்கம்பக்கம் எப்படி என்று விசாரிப்பார்கள். சின்னவள் விசாரித்தது ஒன்றே ஒன்று: இங்கிருந்து அக்காள் வீட்டுக்கு எத்தனை பஸ்? ஒரே பஸ் என்றால் அந்தப் பக்கமே வேண்டாம் என்று திரும்பிவிடுவாள். கடைசியில் ஒரு பெட்டிக்கடைக்காரர், "ரெண்டு பஸ் மாறணும்மா, பெரிய தொல்லை" என்று அலுத்துக்கொண்டார். அறையைப் பார்ப்பதற்கு முன்பே அவள் மனதில் பாதி முடிவாகிவிட்டது.

சின்னவள் என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். வயது நாற்பத்து நான்கு. காதோரம் நன்றாகவே நரைத்துவிட்டது. வீட்டில் இரண்டாவதாகப் பிறந்த குற்றத்துக்கு இன்னும் சின்னவள். தொழில், மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். ஃபிரேமுக்குள் கச்சிதமாக உட்காரும்படி லென்ஸின் விளிம்பைச் சக்கரத்தில் தேய்த்துக் கொடுக்க வேண்டும். தேய்ப்பதற்கு முன் லென்ஸில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பாள். அந்தப் புள்ளி போடுகிறவரின் கண்மணிக்கு நேராக வர வேண்டும். கொஞ்சம் தள்ளினாலும் அவருக்குத் தலைவலிதான். இருபது வருடமாக அவள் வைத்த புள்ளி தள்ளியதில்லை. அப்படிப்பட்டவள் சொந்த அக்காளிடம் ஒரு பொய்யை இம்மி பிசகாமல் வைத்தாள்.

அப்பா பதினோரு வருடம் படுக்கையில் கிடந்தார். அப்போது அவள் வேலை செய்த கடை வீட்டுக்கு எதிர்வரிசையில் இருந்தது. அவர் தம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டினால் கடைக்குக் கேட்கும். கையிலிருக்கும் லென்ஸை அப்படியே வைத்துவிட்டு ஓடுவாள். அவர் போய்ச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் கடையும் மூடப்பட்டது. பெரிய நகரத்தில் ஒரு கடை அவளைக் கூப்பிட்டது. அந்த நகரத்தில்தான் அக்காள் இருபத்தைந்து வருடமாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

"நேரா நம்ம வீட்டுக்கு வா. பக்கத்துலயே ரூம் பாத்து வைக்கிறேன்" என்றாள் அக்காள்.

வந்தாள். முன்னறையில் அக்காளின் மாமியார் படுக்கையில் இருந்தார். பேச்சு போய்விட்டது, ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியால் கட்டிலைத் தட்டுவார். முதல் நாள் சாப்பாட்டின் நடுவில் அந்தச் சத்தம் கேட்டதும், அக்காள் நிமிர்வதற்குள் சின்னவள் எச்சில் கையோடு எழுந்து பாதி தூரம் போய்விட்டாள்.

"நீ உக்காரு. நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்காள்.

அங்கே தங்கியிருந்த பத்து நாளும் அதையேதான் சொன்னாள். சின்னவள் நம்பவில்லை. இன்றைக்கு உட்காரு என்பவள் ஆறு மாதம் போனால் கொஞ்சம் எழுந்து பாரேன் என்பாள். ஒரு வருடம் போனால் அதையும் சொல்லத் தேவையிருக்காது, கால் தானாக ஓடும். அவளுக்குப் பயமெல்லாம் அந்தக் கால்களைப் பற்றித்தான்.

அக்காள் பார்த்து வைத்த அறை இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடியில் இருந்தது. மாமியாரை விட்டு அக்காளால் வர முடியாததால் சின்னவள் தனியாகப் போய்ப் பார்த்தாள். கிழக்கே பார்த்த ஜன்னல், அதற்குப் புத்தம் புதிய கொசுவலை, அகலமான மேடையோடு சமையலறை. ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால் மெனக்கெட்டுத் தேட வேண்டும். ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அக்காள் வீட்டு மொட்டைமாடியும் அங்கே காய்ந்த துணியும் தெரிந்தன. கொடியில் கிடந்த அக்காளின் நைட்டியில் இருந்த பூவைக்கூட எண்ணலாம் போலிருந்தது. சட்டென்று ஜன்னலைச் சாத்தினாள்.

திரும்பி வந்து, "சுவரெல்லாம் ஓதம் அக்கா. தொட்டா கை ஈரமாகுது" என்றாள்.

நூறு பொய் கைவசம் இருந்தும் அவள் இதைப் பொறுக்கி எடுத்ததற்குக் காரணம் உண்டு. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிரைப்பு. ஈரச்சுவர் ஆகவே ஆகாது. ராத்திரியெல்லாம் நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இதே அக்காள்தான். ஓதம் என்றால் அக்காள் மறுபேச்சுப் பேச மாட்டாள் என்று சின்னவளுக்குத் தெரியும். அந்தப் பாசத்தையே எடுத்து அவள் கண்ணில் மண்ணாகத் தூவினாள்.

"அடப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அந்த வீட்டுக்காரம்மா!" என்று அக்காள் கொதித்தாள். அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அவர் பெயின்டர்; எதையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிற ஆள்.

இரண்டு பஸ் தூரத்து வாழ்க்கை நன்றாகத்தான் இருந்தது. எலி வளையானாலும் தனி வளை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கினாள். தட்டுக்கு வேலை வைக்காமல் சட்டியிலிருந்தே சாப்பிட்டாள். யாரும் எதையும் தட்டவில்லை. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? தூங்கி எழுந்தால் அக்காள் இந்நேரம் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்திருப்பாள் என்று தோன்றும். சட்டியை வழித்தால் அக்காள் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று தோன்றும். போதாததற்கு மழைக்காலம் வந்ததும் அவள் தேடிப் பிடித்த அறையின் மூலையில் நிஜமாகவே ஓதம் ஏறியது. அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டு, ராத்திரி மூச்சு இழுத்தபோது வாயைப் பொத்திக்கொண்டு படுத்தாள். யாரிடம் போய்ச் சொல்வது?

மாதம் ஒருமுறை அக்காள் வீட்டுக்குப் போவாள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். அக்காள் வீட்டில் அந்தப் பழமொழி செல்லாது. வயிறு முட்டப் போட்டு, கிளம்புகிற பேச்சை எடுப்பதற்குள் அவள் கைப்பையைப் பிடுங்கி, ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி உச்சியில் தூக்கிப் போட்டுவிடுவாள். "இருந்துட்டுக் காலையில போ." சின்னவள் குள்ளம், ஸ்டூல் போட்டாலும் எட்டாது. அத்தான்தான் சாயங்காலம் எடுத்துக் கொடுப்பார்.

ஏழாவது மாதம், கடையில் அவளை முன்பக்கம் கூப்பிட்டார்கள். ஒரு அம்மாளுக்குப் புதுக்கண்ணாடி காதில் அழுத்துகிறதாம். ஃபிரேமின் காதில் மாட்டும் கொம்பைச் சூடு காட்டி வளைத்து மாட்டிவிட்டாள். கண்ணாடி போட்டதும் அந்த அம்மாள் முதலில் பார்த்தது அவளைத்தான்.

"அட, என் வீட்டுல ஓதம்னு சொன்ன புண்ணியவதி நீதானே!"

மாடிவீட்டுக்காரம்மா. சின்னவள் இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள்.

"பதறாதேம்மா. உங்க அத்தான் அன்னைக்கு மறுநாளே வந்துட்டாரு. வாளி, சுவருக்குப் பூசற பட்டி, தகடு எல்லாம் தூக்கிட்டு. 'என் கொழுந்தியா பக்கத்துல இருந்தா என் வீட்டுக்காரிக்கு நிம்மதி, ஓதத்தை நானே சரிபண்ணித் தர்றேன், கூலி வேணாம்'னாரு. நான் என்ன ஓதம்னேன். நாலு சுவரையும் தட்டுனாரு, தடவுனாரு. அப்புறம் வாளியக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்துட்டாரு."

"அப்புறம்?"

"'என் வீட்டுக்காரி வந்து கேட்டா ஓதம் இருக்குன்னே சொல்லிடுங்கம்மா'ன்னாரு. நல்லா இருக்குல்ல நியாயம்? என் வீட்ட நானே குறை சொல்லணுமாம்! முடியாதுன்னேன். என் வாசக் கதவுக்குப் பெயின்ட் அடிச்சுக் குடுத்துட்டு, மறுபடி கேட்டாரு. உங்க அக்காவும் வந்தா. வாசல்ல நின்னே திட்டித் தீத்துட்டா என்னை. வாங்கிக்கிட்டேன். ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொன்னதே அவதான். 'பதினோரு வருஷம் எங்கப்பாவ ஒத்தையாப் பாத்தவ, நான் ஒரு நாள்கூட எட்டிப் பாக்கல. இனி அவ என் கண் முன்னாடி நல்லாத் தூங்கணும், ஒரு வேலை செய்ய விடமாட்டேன்'னு ரூம் பேச வந்த அன்னைக்கு என்கிட்ட அழுதா. அவளுக்கு என்னம்மா செஞ்சு வச்சிருக்கே நீ?"

சின்னவள் பின்னறைக்குப் போய்ச் சக்கரத்தின் முன் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் வைத்த புள்ளி தள்ளிப்போய், ஒரு நல்ல லென்ஸ் வீணானது.

அந்த ஞாயிறே போனாள். அத்தான் வாசலில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு அத்தான். இன்னைக்கு அக்காகிட்டச் சொல்லிடப் போறேன்."

அவர் பிரஷை உதறினார். "எதுக்கு? அந்த வீட்டுக்காரம்மாவத் திட்டிக்கிட்டாவது உங்க அக்கா சந்தோஷமா இருக்கா. தங்கச்சிக்குப் பக்கத்துல வர ஆசைதான், வீடுதான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அத ஏன் கெடுக்கற?"

சரி, விழுங்கிவிடலாம் என்றுதான் உள்ளே போனாள். கைப்பை வழக்கம்போல் அலமாரி உச்சிக்குப் போனது. சாப்பாடு ஆனது. அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தாள்.

"மூச்சு இழுக்குதுல்ல? போன தடவையே கவனிச்சேன். அந்த ரூமும் உனக்கு ஒத்துக்கல. கேளு, மூணாவது தெருவுல ஒரு வீடு காலியாகுது. இந்தத் தடவை யாரு பேச்சையும் நம்பல. இவரைக் கொஞ்ச நேரம் மாமியார்கிட்ட உக்காத்தி வச்சுட்டு, நானே போய் ஒவ்வொரு சுவராத் தட்டிப் பாத்தேன். காய்ஞ்ச சுவரு. இதோட பதினாலு வீடு பாத்துட்டேன் உனக்காக."

பதினாலு வீடு. மாமியார் தூங்குகிற அரைமணி நேரங்களில், தெருத்தெருவாகப் போய், யார் வீட்டுச் சுவரிலோ காது வைத்து நின்றிருக்கிறாள் இவள். இதை விழுங்கினால் பதினைந்தாவது வீட்டையும் தட்டப் போவாள்.

"அக்கா, அந்த மாடி வீட்டுல ஓதம் இல்ல. எனக்குத்தான் உன் பக்கத்துல இருக்கப் பயம். மறுபடி யாரையாவது பாத்துக்கணுமோன்னு. பொய் சொல்லிட்டேன்."

அக்காள் கை அவள் முதுகிலேயே இருந்தது. வாசலில் நின்ற அத்தானை ஒருமுறை பார்த்தாள். அவர் நகத்திலிருந்த பெயின்டைச் சுரண்டினார். அவருக்கும் இது முன்பே தெரியும் என்று அக்காளுக்குப் புரிந்துவிட்டது.

முன்னறையில் கரண்டி தட்டியது. சின்னவளின் கால்கள் எழுந்துவிட்டன.

"நீ உக்காரு" என்றாள் அக்காள். இதுநாள்வரை சொன்ன அதே குரலில்தான் சொன்னாள்.

மாமியாருக்குத் தண்ணீர் கொடுத்து, துணி மாற்றி, கை கழுவி வருவதற்கு வெகுநேரம் ஆனது. திரும்பி வந்தவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்து கைப்பையை எடுத்தாள். அதன்மேல் ஒட்டியிருந்த தூசியைத் துண்டால் துடைத்தாள். சின்னவள் மடியில் வைத்தாள்.

"ரெண்டு பஸ் மாறணுமே. லேட்டானா கஷ்டம்ல உனக்கு?"

சின்னவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி மூன்றுகூட ஆகவில்லை.