பச்சைப் பட்டை வாங்காத ஞாயிறு

என் மகளுக்குப் பதினாலு வயது முடிந்திருந்தது. அடுத்த விசாரணையன்று குடும்பநல நீதிமன்றத்தில் நீதிபதி அவளைத் தன் அறைக்குத் தனியாக அழைத்து, மாதத்தில் ஒரு நாள் அப்பாவோடு போய்வருவதைத் தொடர விருப்பமா என்று கேட்பார் என என் வக்கீல் சொன்னார்.

"இனிமே பிள்ளை சொல்லுததுதான் சார். நாம எழுதிக் குடுக்கதுக்கு ஒண்ணும் இல்ல."

மூன்று வருடமாக எழுதிக் கொடுப்பதற்கே பிறந்தவர் போல எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். அவரே கையை விரித்துவிட்டார்.

ஆக, அதற்குமுன் எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. உத்தரவுப்படி மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பாளையங்கோட்டையில் அவள் அம்மா வீட்டு வாசலில் அழைத்துக்கொள்ள வேண்டும், மாலை ஐந்துக்கு அதே வாசலில் விட வேண்டும். முந்தின மாதம் இருபது நிமிடம் தாமதமாகக் கொண்டுவிட்டேன். அதை எதிர்த்தரப்பு வக்கீல் மனுவாகவே போட்டுவிட்டார். இன்னொரு தரம் தாமதமானால் நல்லதல்ல என்று நீதிபதி என்னைப் பார்த்துச் சொன்னார். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

அதுவரை வந்த ஞாயிறுகளில் நான் அவளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். கோயிலுக்குக் கூட்டிப்போய் கல்வெட்டைப் படித்துக் காட்டியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அவள் "ம்" என்பாள். கல்வெட்டுக்கு மட்டும் இரண்டு "ம்".

இந்த முறை அவளே கேட்டாள். நாலுவழிச் சாலையில் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா திறந்திருந்தார்கள். அங்கே ஆளைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றிவிடுகிற ஒரு ரயில் இருக்கிறது. அவள் வகுப்பில் அநேகமாக எல்லாரும் போய் வந்துவிட்டார்கள்.

"அது ஒண்ணு மட்டும் போதும்பா. வேற எதுலயும் ஏறவே வேண்டாம்."

நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். எந்தத் திட்டத்தில் என்ன உண்டு, எதில் என்ன கிடையாது என்று ஊராருக்கு விளக்கிச் சம்பளம் வாங்குகிறவன். ஒரு வாரம் அந்தப் பூங்காவின் இணையதளத்தை வாசித்து, அலுவலகத் தாளில் கட்டம் போட்டு, நுழைவு மட்டும், நுழைவும் விளையாட்டும், நுழைவும் விளையாட்டும் மதியச் சாப்பாடும், நாலு பேர் குடும்பச் சீட்டு என்று வரிசையாக எழுதினேன். நாலு பேர் குடும்பச் சீட்டின் மேல் பேனா சிறிது நேரம் நின்றது. பிறகு அடித்துவிட்டேன்.

கடைசிக் கட்டத்தில் பச்சைப் பட்டை. மணிக்கட்டில் அதைக் கட்டிக்கொண்டால் எந்த வரிசையிலும் நிற்க வேண்டாம், தனி வழியில் நேரே போய் ஏறிக்கொள்ளலாம். அதற்கு ஏறத்தாழ இன்னொரு சீட்டின் விலை.

என் அப்பா ஆயுள் முழுக்க நெல்லையப்பரைத் தர்ம தரிசன வரிசையில் நின்றுதான் பார்த்தார். திருவிழாக் கூட்டத்திலும் சிறப்புச் சீட்டு எடுத்ததில்லை. சாமி முன்னால் என்னவே ஸ்பெஷல் என்பார். அவருக்கு அது கொள்கை. என்னிடம் வந்து சேரும்போது அது கருமித்தனமாகியிருந்தது. ஆனாலும் நான் அதைக் கொள்கை என்றே அழைத்து வந்தேன், பரம்பரைச் சொத்து என்று எனக்கு வேறொன்றும் வராததால்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சீட்டுக் கொடுக்கும் சன்னலுக்கு வந்துவிட்டோம். கட்டம் போட்ட தாள் சட்டைப்பையில் இருந்தது. சன்னலில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"அந்தப் பச்சைப் பட்டை கட்டுனா, நிக்கிறவங்களுக்கு முன்னால போயிருவோமாம்மா?"

"ஆமா சார்."

"அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அவங்களும் வாங்கிக்கிடலாம்லா சார்."

"எல்லாரும் வாங்கிட்டா?"

அந்தப் பெண் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்றவர் மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்தார். அதை அவர் அதற்குள் மூன்று முறை எல்லாருக்கும் சொல்லியிருந்தார்.

"ஏ அண்ணாச்சி, டிக்கெட் எடுக்கியளா, பரீட்சை எழுதுதியளா?"

வரிசை சிரித்தது. மகள் தன் தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நான் விளையாட்டோடு கூடிய சாதாரணச் சீட்டு இரண்டு எடுத்தேன். சாப்பாடு வேண்டாம், ஸ்கூட்டர் பெட்டியில் புளியோதரை இருக்கிறது. பட்டை வேண்டாம். "காசு குடுத்து முன்னால போறது நமக்குச் சரிப்படாதும்மா" என்று அவளுக்கு விளக்கவும் செய்தேன். அவள் "ம்" என்றாள். சாத்தான்குளத்துக்காரர் சன்னலில் குனிந்து, "எல்லாத்துக்கும் பச்சை போடும்மா" என்றார். அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

தலைகீழ் ரயிலுக்குக் கம்பித் தடுப்புக்குள் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து வரிசை. ஓரிடத்தில் "இங்கிருந்து எழுபத்தைந்து நிமிடம்" என்று பலகை. நாங்கள் அந்தப் பலகைக்கும் பின்னால் நின்றோம். பன்னிரண்டரைக்குப் பலகையைத் தாண்டினோம். பக்கத்துத் தனி வழியில் பச்சைப் பட்டைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. அவர்களை ஏற்றுகிற ஒவ்வொரு முறையும் நாங்கள் நின்றோம். ஆக, அவர்கள் காசு கொடுத்து வாங்கியது எங்கள் நேரத்தை. இந்தக் கண்டுபிடிப்பை மகளிடம் சொன்னேன்.

"அப்பா, பசிக்குது" என்றாள்.

வெளித் தின்பண்டம் உள்ளே கொண்டுவரக் கூடாது. புளியோதரையோ வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தது. வெளியே போனால் இடம் போய்விடும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊர் ரேஷன் கடையில் யாரும் வெயிலில் நிற்பதில்லை. பையை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் உட்காருவார்கள். வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்பவர் பையைக் காலால் முன்னே தள்ளிவிடுவார். பை இருந்தால் ஆள் இருக்கிற மாதிரிதான், அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. காசில்லாத பச்சைப் பட்டை!

மாற்றுத்துணி வைத்திருந்த துணிப்பையை வரிசையில் வைத்தேன். பின்னால் கைக்குழந்தையோடு நின்ற மேலப்பாளையத்துக்காரரிடம், "பாய், கொஞ்சம் பாத்துக்கிடுங்க. பத்து நிமிசத்துல வந்திருவோம்" என்றேன். "பைய, அவசரப்படாம போயிட்டு வாங்க, நான் இங்கனதான நிக்கேன்" என்றார். நல்ல மனிதர். மகள் மட்டும் தயங்கினாள்.

"இங்கல்லாம் அப்படி வைக்கலாமாப்பா?"

"எல்லா எடத்துலயும் மனுசங்கதான் நிக்காங்க. வா."

வண்டி நிறுத்துமிடத்து வேப்ப மரத்தடியில் அவள் இரண்டாவது வாய் எடுத்தபோது ஒலிபெருக்கி பேசியது. தலைகீழ் ரயில் வரிசையில் கேட்பாரற்றுக் கிடக்கும் கட்டம் போட்ட துணிப்பைக்கு உரியவர் உடனே வரவும், பாதுகாப்புச் சோதனைக்காக ரயில் நிறுத்தப்பட்டிருக்கிறது. அவள் வாயில் சோற்றோடு என்னைப் பார்த்தாள்.

ஓடினோம். மேலப்பாளையத்துக்காரரின் குழந்தை வெயில் தாங்காமல் அழுதிருக்கிறது, அவர் வரிசையை விட்டு வெளியேறிவிட்டார். பை தனியாக நின்றிருக்கிறது. வாசலில் ஒரு மேசை போட்டு, அதன் மேல் சீப்பு, துண்டு, அவளுடைய மாற்றுத்துணிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பியிருந்தார்கள். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் அவள் வயதுப் பிள்ளைகள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காவலாளி தடியால் பையைச் சுட்டினார். "யாரு வச்சது?"

"நான்தான். எடம் போட்டேன்."

"என்ன போட்டிய?"

"எடம்."

"இது என்ன ரேசன் கடையா வே? குண்டு கிண்டு இருக்குமோன்னு கால் மணி நேரமா வண்டிய நிப்பாட்டி வச்சிருக்கோம்!"

வரிசைக்குள்ளிருந்து ஒருவர், "அண்ணாச்சிக்கு ரெண்டு லிட்டர் பாமாயில் போட்டு அனுப்புங்கவே" என்றார். இன்னொரு சமயமாக இருந்தால் நானும் ரசித்துச் சிரித்திருப்பேன். மகள் தலையை நிமிர்த்தாமல் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அவசரப்படாமல் மடித்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பழைய இடம் எங்களுக்குத் தரப்படவில்லை. கேட்கிற நிலையிலும் நான் இல்லை. அவளை வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டு, கொள்கை, பரம்பரை எல்லாவற்றையும் காற்றில் விட்டுச் சன்னலுக்கு ஓடினேன்.

"ரெண்டு பச்சைப் பட்டை குடும்மா."

"இன்னைக்கு உள்ளது முடிஞ்சிட்டு சார். அப்பமே எடுத்திருக்கலாம்லா?"

ஆக, எல்லாரும் வாங்கிவிட்டார்கள். காலையில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இரண்டு மணியிலிருந்து நின்றோம். நான் பேசிப் பார்த்தேன். காற்றாலைகளைப் பற்றி ஒன்று சொன்னேன். அவள் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றரைக்குச் சாத்தான்குளத்துக்காரர் தனி வழியில் மறுபடி வந்தார். அவர் பிள்ளைகள் இரண்டும் களைத்துப்போயிருந்தன.

"என்ன அண்ணாச்சி, இன்னுமா நிக்கிய? இவளுவ மூணாவது தடவ ஏறப் போறாளுவ. எனக்குத்தான் கொடலு வெளிய வருது."

"நாங்க பைய ஏறிக்கிடுதோம்" என்றேன்.

நாலே கால். வெளியே வர, வண்டியை எடுக்க, பாளையங்கோட்டை போய்ச்சேர என்று நான் போட்டிருந்த கணக்கில் அதுதான் கடைசி நிமிடம். எங்களுக்கு முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். ஒரு நடைக்குப் பதினாறு பேர்.

"இன்னும் ரெண்டு நடைதான்பா. ரெண்டாவதுல நாமளும் ஏறிரலாம்."

"தெரியும்மா."

"பச்சை வந்தா மூணு. அவ்ளோதான்."

நான் கைபேசியை எடுத்தேன். அவள் அம்மாவுக்கு, அரைமணி நேரம் தாமதமாகும், பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று தட்டினேன். அனுப்பியிருந்தால் சரி என்றிருப்பாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். மனு போட்டது வக்கீல், அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஆனால் அவளிடம் அரைமணி நேரம் கேட்டு வாங்குவதா என்று விரல் நின்றது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். என் மகள் அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது கைபேசியைப் பைக்குள் போடும்போதுதான் தெரிந்தது.

"போவோம்பா" என்றாள். கம்பித் தடுப்புக்கு அடியில் அவளே முதலில் குனிந்து வெளியே வந்தாள்.

ஸ்கூட்டரில் வழியெல்லாம் என் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போதே வாசலுக்கு வந்துவிட்டோம். அவள் அம்மா வெளியே வந்தாள்.

"ஏறுனியாட்டி?"

"ஏறினேன்மா. சூப்பரா இருந்துச்சு."

நான் தலைக்கவசத்தைக் கழற்றாமல் நின்றேன்.

"பயமா இல்லையா?"

"மேல கொண்டுபோய் ஒரு நிமிசம் நிப்பாட்டுவான்மா. அப்பதான் பயமா இருக்கும். பொறவு திடீர்னு விட்டுருவான். ரெண்டு தடவ தலைகீழா சுத்தும். இறங்கும்போது எல்லாருக்கும் முடி குத்துக்குத்தா நிக்கும்."

எல்லாமே சரியாகச் சொன்னாள். பாதி நாள் கீழே நின்று பார்த்தவளாயிற்றே. அவள் அம்மா என்னைப் பார்த்து, "நல்லவேளை, இந்தத் தடவையாவது பிள்ளை கேட்ட எடத்துக்குக் கூட்டிட்டுப் போனியளே" என்றாள். குரலில் குத்தல் இல்லை. அதற்கு நான் தலையாட்டினேன்.

அடுத்த வாரம் நீதிபதியின் அறைக்குள் அவள் பத்து நிமிடம் இருந்தாள். வெளியே வந்ததும் நேராக நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வந்தாள். அவள் அம்மா தள்ளி நின்றுகொண்டாள்.

"உங்களைப் பிடிக்கலன்னு நான் சொல்லலப்பா."

"தெரியும்மா."

"மாசாமாசம்னு வேண்டாம், எனக்குத் தோணும்போது நானே கூப்பிடுதேன்னு சொன்னேன்." பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க அன்னைக்கு என்ன செய்யணும்னு ஒரு வாரமா யோசிக்கிய. வந்தப்புறமும் யோசிக்கிய. யோசிச்சிக்கிட்டே இருக்கும்போது அஞ்சு மணி ஆயிருது."

"ஜட்ஜ்கிட்ட இதைச் சொன்னியா?"

"இல்ல. உங்ககிட்ட மட்டும்தான்."

சிரிக்கவைக்கும்படி என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு நிமிடம் காத்திருந்தாள். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போங்கப்பா" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனாள்.

இதை எழுதும்போது ஐந்து மாதம் ஆகிறது. ஒருமுறை கூப்பிட்டாள், காலாண்டுப் பரீட்சை மதிப்பெண் சொல்ல. நான் கூப்பிட்டால் எடுக்கிறாள், நன்றாகத்தான் பேசுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்று மட்டும் நான் கேட்பதில்லை. வரமாட்டாளோ என்ற பயத்தில் இல்லை. கேட்டால் வந்துவிடுவாள். வந்து, நாள் முழுக்க என்னோடு உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்குப் போய், அன்றைக்குப் போலவே, நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்லிவிடுவாள்.