தினேஷைக் கும்பல் அடித்த பௌர்ணமி

அண்ணாமலையாரை நம்பி இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு அழகாகப் பேச வராது. கோபம்தான் சட்டென்று வரும். இதைச் சொல்லும்போதும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆனிப் பௌர்ணமி அன்று, அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் வைத்து என் மாணவனை என் கண்ணெதிரே அடித்துக் கொல்லப் பார்த்தார்கள்.

நான் திருவண்ணாமலையில் சிறப்புக் கல்விப் பயிற்சியாளர். ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ள இளைஞர்களைச் சொந்தக் காலில் நிற்கப் பழக்குவது எங்கள் வேலை. கூட்டத்தில் நடப்பதும் ஒரு பாடம். ஜோடி ஜோடியாகக் கைகோத்துப் போவார்கள். என்ன நடந்தாலும் பிடித்த கையை விடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தோம். கீழ்பென்னாத்தூர் தினேஷ் ஆறடி உயரம். பேச்சு வராது. கற்றதை மட்டும் மாற்றவே மாட்டான்.

அன்று சாயங்காலம் கூட்டம் நெருக்கித் தள்ளியதில் அவனுடைய ஜோடியின் கை நழுவிவிட்டது. பக்கத்தில் அகப்பட்ட கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அது யாரோ ஒரு சின்னப் பெண்ணின் கை. குழந்தை வீறிட்டது.

"புள்ள புடிக்கிறவன்டா! உடாதீங்க!"

அவ்வளவுதான். முதல் அறை கன்னத்தில் விழுந்தது. ஒருவன் இரும்புக் கம்பியோடு ஓடிவந்து மண்டையில் போட்டான். ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. விழுந்தவனை வயிற்றில் மிதித்தார்கள். அப்போதும் குழந்தையின் கையை அவன் விடவில்லை. விடாததால் இன்னும் அடித்தார்கள்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க! நான் அவனோட டீச்சருங்க!" என்று மேலே விழுந்து மறித்தேன்.

"நீயும் கூட்டாளியாடி?" என்று முடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்கள். என் முழங்கை உடைந்தது. "கைய உடு தினேஷ்" என்று கத்தினேன். அந்த இரைச்சலில் அவன் காதில் எதுவும் ஏறவில்லை. ஒருவன் அவன் தலைக்கு நேராகக் கல்லைத் தூக்கினான். நான் படித்த படிப்பு எதுவும் கைகொடுக்கவில்லை. மலையைப் பார்த்து அலறினேன். "அப்பா, என் பையனைக் காப்பாத்துப்பா!"

எங்கள் மாணவி செல்வி பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பெண். அந்த நொடியில் தொண்டை கிழியக் கத்தினாள்.

"அண்ணாமலையாருக்கு!"

எங்கள் வகுப்பு தினமும் இப்படித்தான் தொடங்கும். அவள் குரல் கொடுப்பாள், எல்லோரும் கையைத் தலைக்கு மேல் குவிப்போம்.

"அரோகரா!"

சொன்னது அந்தக் கும்பல். கிரிவலம் வந்தவர்கள்தானே, பழக்கத்தில் கைகள் மேலே போய்விட்டன. கல்லைத் தூக்கியவன்கூட அதை ஓரமாகப் போட்டுவிட்டுக் கும்பிட்டான். தரையில் கிடந்த தினேஷும் ரத்தக் கைகளைத் தலைக்கு மேல் குவித்தான். குழந்தை விடுபட்டு அம்மாவிடம் ஓடியது. செல்வி நிறுத்தவே இல்லை. போலீஸ் வந்து சேரும்வரை ஒருவரும் மறுபடி கை ஓங்கவில்லை.

தினேஷ் பிழைத்தான். மண்டையில் தையல், விலா எலும்பில் முறிவு. இப்போது ஒவ்வொரு பௌர்ணமிக்கு முன்னும் பாதையோரக் கடைக்காரர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் எங்கள் பிள்ளைகளை அறிமுகம் செய்து வைக்கிறேன். அடித்தவர்களை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதையும் அண்ணாமலையாரிடமே சொல்லிவிட்டேன், அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

வழி எல்லாம் அடைத்துப் போனால் அவரைக் கூப்பிடுங்கள். யார்மீதாவது கை ஓங்கப் போகிறீர்களா, அதற்கு முன்னாலும் ஒரு தடவை கூப்பிடுங்கள்.